கடலைக் கீழிருந்து தூக்குவது எது? சுனாமி பற்றி ஓர் எளிய விளக்கம்

இந்தோனேசியாவில் எங்கோ நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தால் போதும், நம் கடற்கரை ஊர்களில் எழும் முதல் கேள்வி "சுனாமி வருமா?" என்பதுதான். திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று பேப்பரில் ஒரு படம் வந்தாலும் அதே கேள்வி. 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் இந்தப் பயம் வீட்டிலிருந்தே வந்து சேர்ந்திருக்கிறது. பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பயத்தோடு சேர்ந்து பரவியிருக்கும் விளக்கங்களில் பாதிக்கு மேல் அரைகுறை. பூமி குலுங்கியதில் கடல் தளும்பிவிட்டது என்பார்கள். கடல் முதலில் உள்ளே போகும், அதைப் பார்த்ததும் ஓடினால் போதும் என்பார்கள். பனைமர உயரத்தில் ஒரே ஓர் அலை வந்து அடித்துவிட்டுப் போய்விடும் என்பார்கள்.

முதலாவது வெறும் தவறான புரிதல். மற்ற இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. எங்கே கோளாறு என்று பார்க்க, நமக்கு நன்றாகத் தெரிந்த 2004 டிசம்பர் 26-ஐயே எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் இவ்வளவு கருவிகள் அளந்து, இவ்வளவு பேர் ஆராய்ந்த சுனாமிகள் மிகக் குறைவு.

பந்தல் மேல் தேங்கிய தண்ணீர்

மழைக்காலத்தில் டீக்கடை முன்னால் கட்டியிருக்கும் தார்ப்பாயைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தொய்ந்து, குடம் குடமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். கடைக்காரர் பந்தல் கம்பத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் சலசலக்கும், ஓரத்தில் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். அதனால்தான் யாரும் கம்பத்தை ஆட்டுவதில்லை. துடைப்பக் கட்டையை எடுத்துக் கீழிருந்து தார்ப்பாயை ஒரு நெம்பு நெம்புவார்கள். அந்த இடத்தில் நின்ற தண்ணீர் மொத்தமும் எழும்பி இரண்டு பக்கமும் பாயும். கீழே டீ குடித்துக்கொண்டிருப்பவர் நனைவார்.

சுனாமியின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது. கடலின் அடித்தரை எவ்வளவு குலுங்கியது என்பது இரண்டாம் பட்சம். அது மேலேயோ கீழேயோ எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு பரப்பில் நகர்ந்தது, அதற்கு மேல் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது என்பவைதான் கணக்கு.

தரையை நகர்த்துவது பூகம்பமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2018 டிசம்பரில் இந்தோனேசியாவின் அனாக் கிரகடாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. முன்னறிவிப்பாக எந்தப் பூகம்பமும் இல்லாமல் வந்த அந்தச் சுனாமியில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் ஒரு பெருங்கடலையே தாண்டிப் போய் அடிக்கும் சுனாமிகள் பெரும்பாலும் பூகம்பத்தால் வருபவைதான். அதனால் அதையே பார்ப்போம்.

அன்று காலை கடலுக்கடியில் நடந்தது

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெரிய துண்டுகளாக உடைந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் துண்டுகளுக்குப் புவித்தட்டுகள் என்று பெயர். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியத் தட்டு, சுமத்ராவுக்கும் அந்தமானுக்கும் மேற்கே உள்ள ஆழமான பள்ளத்தில், இன்னொரு தட்டுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகம்தான், நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே போகும் இப்படிப்பட்ட இடத்தை அமிழ்வு மண்டலம் என்கிறார்கள்.

போவது வழுக்கிக்கொண்டு போனால் பிரச்சினையே இல்லை. இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கீழே போகிற தட்டு, மேலே இருக்கும் தட்டின் விளிம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டே போகிறது. மேல் தட்டு வளைகிறது. அதன் விளிம்பு கீழே அழுந்துகிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இப்படியே வளைந்து வளைந்து, ஒரு கட்டத்தில் சிக்கல் விட்டுப்போகிறது. அழுந்தியிருந்த விளிம்பு விருட்டென்று மேலே வருகிறது. அதுதான் கீழிருந்து கொடுத்த நெம்பு.

2004-இல் இந்தச் சிக்கல் விட்ட நேரம், இந்திய நேரப்படி காலை 6.29. சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அருகே தொடங்கிய கிழிசல், வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் என்று சுமார் 1,300 கிலோமீட்டருக்கு ஓடியது. சென்னையிலிருந்து மும்பைக்கு ரயில் போகும் தூரம் அது. ஓடி முடிக்க எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆனது. பெரும்பாலான பூகம்பங்கள் சில விநாடிகளில் அடங்கிவிடும்; இது நிமிடக் கணக்கில் கிழிந்துகொண்டே போனது. அளவு 9.1. (டிவியில் இன்னமும் "ரிக்டர் அளவில்" என்றுதான் வாசிக்கிறார்கள். இவ்வளவு பெரிய பூகம்பங்களுக்கு ரிக்டரின் பழைய முறை சரிப்படாது என்பதால் வேறு முறையில்தான் இப்போது அளக்கிறார்கள். எண்ணில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.)

கடல்தரை உண்மையிலேயே ஏறி இறங்கியதா? சந்தேகப்படுபவர்களுக்கு அந்தமான், நிக்கோபார் தீவுகளே சாட்சி. வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் மேலே வந்துவிட்டதால், எப்போதும் தண்ணீருக்கடியில் இருந்த பவளப்பாறைகள் வெளியே தெரிந்து, வெயிலில் வெளுத்துச் செத்தன. தெற்கே நிக்கோபாரில் நிலம் இறங்கியது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோனது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் அதற்கப்புறம் கடல்நீருக்குள் நிற்கிறது. தீவுகளிலேயே இப்படி என்றால், பள்ளத்தை ஒட்டிய கடல்தரை பல மீட்டர் உயர்ந்தது என்பதில் ஆச்சரியம் இல்லை. அதற்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் நின்ற கடல் முழுவதும் சேர்ந்து உயர்ந்தது.

ஆக, இதுவரை: தட்டு வளைந்தது, விட்டது, விளிம்பு எழும்பியது, மேலிருந்த தண்ணீரும் எழும்பியது. எழும்பிய தண்ணீர் நிற்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் பாய்வதுதான் சுனாமி.

2012-இல் ஏன் வரவில்லை?

2012 ஏப்ரல் 11 மதியம் சென்னையில் ஆபீஸ்களை விட்டுக் கீழே ஓடிவந்தவர்களுக்கு நினைவிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில் 8.6 அளவில் பூகம்பம். இரண்டு மணி நேரத்துக்கெல்லாம் 8.2-இல் இன்னொன்று. எச்சரிக்கை விட்டார்கள், கரையிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். சேதம் உண்டாக்கும்படியான அலை எதுவும் வரவில்லை. "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று அன்று மாலையே பேச்சு கிளம்பியது.

சும்மா இல்லை. அந்தப் பூகம்பம் உண்மையிலேயே பிரம்மாண்டமானது. ஆனால் அங்கே நிலம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. இதைப் பக்கவாட்டுப் பெயர்வு என்பார்கள். அந்த வகையில் கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது அதுதான். பந்தல் கம்பத்தை ஆட்டிய கதை. ஆட்டியது அசுர பலத்தோடு, ஆனால் யாரும் கீழிருந்து நெம்பவில்லை.

அப்படியென்றால் ஏன் எச்சரித்தார்கள்? பூகம்பம் நடந்த முதல் சில நிமிடங்களில் அதன் இடமும் தோராயமான அளவும்தான் தெரியவரும். நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை கரையில் இருப்பவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. பொய்யான எச்சரிக்கை என்று அன்று திட்டியவர்கள், இந்த நிமிடக் கணக்கைப் பார்த்திருந்தால் திட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மேல்நோக்கிய நகர்வு இருந்தும் பெரிய சுனாமி வராத கதையும் உண்டு. 2005 மார்ச் 28-இல் சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவில் அதே 8.6. நிலம் நன்றாகவே உயர்ந்தது. ஆனால் உயர்ந்த பகுதியில் பெரும்பங்கு தீவும் ஆழமில்லாத கடலும்தான். மேலே தண்ணீர் குறைவாக இருந்தால் எழும்பவும் குறைவாகத்தான் எழும்பும். நியாஸில் ஆயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். அவர்களில் அநேகமாக எல்லோரையும் கொன்றது இடிந்து விழுந்த கட்டடங்கள்.

நடுக்கடலில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?

அன்று ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்தவர்களில் பலர் எதையும் உணரவில்லை. கரைக்குத் திரும்பி வந்து ஊரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதை முதலில் கேட்பவர்களுக்கு நம்ப முடியாது. ஊரையே துடைத்த அலை, இவர்கள் படகுக்குக் கீழேதானே போயிருக்க வேண்டும்?

போனது. ஆனால் அந்த இடத்தில் அதன் உயரம் ஓர் ஆளின் இடுப்புக்குக்கூட வராது. பூகம்பம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்காள விரிகுடாவின் மேலே கடந்தது. அது அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த அலையின் முகடு வரை உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். மெரினாவில் நாம் பார்க்கும் காற்றலைக்கு அது சில பத்து மீட்டரோ, மிஞ்சினால் சில நூறு மீட்டரோ இருக்கும். சுனாமிக்கு ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 60 சென்டிமீட்டர் ஏற்றம் பல நிமிடங்களில் மெல்ல வந்து மெல்ல இறங்கினால், படகில் வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு என்ன தெரியும்?

காற்றலைக்கும் சுனாமிக்கும் உள்ள நிஜ வித்தியாசம் உயரத்தில் இல்லை. காற்று கடலின் மேல்தோலை மட்டும்தான் கலைக்கிறது. புயல் நேரத்தில்கூட நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்குக் கீழே போனால் அமைதிதான். சுனாமியில் மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை உள்ள மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. கீழே நெம்பியதால் வந்தது அல்லவா, கீழிருந்து மேல்வரை முழுக்கவும் அதில் பங்கு உண்டு.

அதன் வேகத்தைத் தீர்மானிப்பதும் ஆழம்தான். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர், விமான வேகம். 100 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 110 அளவுக்குக் குறையும். 10 மீட்டரில் 36. கரையை நெருங்கும்போது முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறைகிறது. பின்னால் இன்னும் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் வேகமாக வந்து முட்டுகிறது. நீளம் சுருங்கிச் சுருங்கி உயரமாக மாறுகிறது. அதுவரை பரந்து கிடந்த ஆற்றல் எல்லாம் கரையோரத்துச் சில கிலோமீட்டருக்குள் நெருக்கிக்கொண்டு வருகிறது. தமிழகக் கரையை அது தொட்டது காலை ஒன்பது மணி வாக்கில். பூகம்பம் நடந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

36 கிலோமீட்டர்தானே, பைக்கில் தப்பிவிடலாமே என்று யாருக்காவது தோன்றினால்: ஞாயிற்றுக்கிழமை காலை மணலில் நிற்கும் ஒருவருக்கு அந்த வேகத்தை ஓடி ஜெயிக்க முடியாது.

கடல் உள்வாங்குமா, வாங்காதா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சுனாமி பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே அடையாளம் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

தட்டின் விளிம்பு எழும்பியது என்று சொன்னேன். ஒரு பக்கம் எழும்பினால், இதுவரை வளைந்து புடைத்திருந்த பின்பக்கம் இறங்கும். 2004-இல் மேற்குப் பக்கம், அதாவது இந்தியாவையும் இலங்கையையும் பார்த்த பக்கம் எழும்பியது. தாய்லாந்தைப் பார்த்த கிழக்குப் பக்கம் இறங்கியது. அதனால் கிழக்கே போன அலைக்கு முன்னால் பள்ளம் போனது. மேற்கே வந்த அலைக்கு முன்னால் மேடு வந்தது.

தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் கடல் முதலில் வெகுதூரம் பின்வாங்கியது. சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கை பார்க்கவும் துள்ளிய மீனைப் பொறுக்கவும் உள்ளே நடந்து போனார்கள். மாய் காவ் என்ற கடற்கரையில் மட்டும், இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் சுனாமி பாடம் படித்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து அடையாளம் கண்டு பெற்றோரை நச்சரித்தாள். அந்தக் கடற்கரை காலியானது, எல்லோரும் பிழைத்தார்கள்.

நம் பக்கம் கதை வேறு. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளக்கும் கருவியில் முதலில் பதிவானது ஏற்றம்தான். கொழும்பிலும் அப்படியே. கடல் உள்வாங்கியதைப் பார்த்தவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நிஜம். மாமல்லபுரத்தில் தண்ணீர் விலகியபோது அடியில் கிடந்த பாறைகளைக் கண்டவர்கள் உண்டு. மேட்டுக்குப் பின்னால் பள்ளம் வரும், பள்ளத்துக்குப் பின்னால் அடுத்த மேடு வரும். கடல் விலகிய காட்சி இந்த வரிசையில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். முதலில் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. "இன்னும் உள்வாங்கவில்லை, அதனால் பயமில்லை" என்று வங்காள விரிகுடாக் கரையில் நின்று ஒருவர் சொன்னால் அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

சரி, திருச்செந்தூரிலும் பாம்பனிலும் அவ்வப்போது கடல் உள்வாங்குவது? அது பெரும்பாலும் ஏற்றவற்றத்தின் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். காற்றின் திசையும் சேர்ந்துகொண்டால் இன்னும் கூடும். அது மணிக்கணக்கில் மெதுவாக நடக்கும். சுனாமிக்கு முன்னான பின்வாங்கல் சில நிமிடங்களில், கண் முன்னாலேயே நடக்கும். குமரிக் கடற்கரையிலும் கேரளத்திலும் சொல்லும் கள்ளக்கடல் இன்னொரு சங்கதி. தொலைவில் தெற்குப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று கிளப்பிய நீண்ட அலைகள், இங்கே வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் திடுமென்று வந்து ஊருக்குள் ஏறும். அதுவும் ஆபத்துதான், ஆனால் சுனாமி இல்லை.

சுருக்கமாக: வேகமாக உள்வாங்கினால் ஓட வேண்டியதுதான். உள்வாங்கவில்லை என்பது கரையிலேயே நிற்கலாம் என்பதற்கான அனுமதி இல்லை.

முதல் அலைக்கு அப்புறம்

ஒரு முறை நெம்பினாலே தார்ப்பாயில் தண்ணீர் ஏறி, இறங்கி, திரும்ப ஏறி அடங்கும். கடலிலும் அப்படித்தான், அதற்கு மேல் கரைகளில் மோதித் திரும்பும் அலைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடம் இருக்கலாம், அரை மணி நேரத்துக்கு மேலும் இருக்கலாம். எது பெரியது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல ஊர்களில் இரண்டாவதோ மூன்றாவதோதான் பெரியது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலிய என்ற ஊரில் நடந்தது இதற்கு மிகக் கொடூரமான உதாரணம். கொழும்பிலிருந்து தெற்கே போன ரயிலை முதல் வெள்ளம் வழிமறித்து நிறுத்தியது. தண்ணீர் ரயிலைச் சூழ்ந்ததே தவிரக் கவிழ்க்கவில்லை. ரயில் கனமானது, இதுதான் பத்திரம் என்று ஊர்மக்கள் அதில் ஏறினார்கள். பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். சிலர் பெட்டிகளின் கூரையிலும் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறிந்தது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். உலக ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை.

நம் கரையிலும் முதல் அலை வடிந்ததும் பிள்ளையைத் தேட, வலையை எடுக்க, வீட்டுப் பத்திரத்தை எடுக்கத் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஒரே அலை என்ற எண்ணம் அவர்களைக் கொன்றது.

ஓர் ஊர் அழிந்து பக்கத்து ஊர் தப்பியது ஏன்?

கிழிசல் வடக்கு தெற்காக ஓடியது. நீளமான கோட்டில் நெம்பினால் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் குறுக்கேதான் பலமாகப் பாயும், நுனிகள் பக்கம் குறைவு. அதனால்தான் வடக்கே கிட்டத்திலேயே இருந்த வங்கதேசத்தில் இறந்தவர்கள் இரண்டு பேர். மேற்கே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சோமாலியாவில் இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். மேற்கே நேர் எதிரில் இருந்த இலங்கையின் கிழக்குக் கரை, முல்லைத்தீவிலிருந்து மட்டக்களப்பு, கல்முனை வரை மொத்த அடியையும் வாங்கியது. இலங்கையில் அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான்.

இலங்கை குறுக்கே நின்றதால் அதன் பின்னால் இருந்த பாக் நீரிணைக் கரை, ராமநாதபுரம் பக்கம், பெரிதாக அடிபடவில்லை. அப்படியென்றால் அதைவிட மறைவில் இருக்கும் குளச்சல் எப்படி அழிந்தது? சுனாமி நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் வேகம் குறைவதால் அலை அந்தப் பக்கமாக வளைகிறது. இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து வந்த அலைதான் குளச்சலையும், கேரளத்தில் கொல்லம் அருகே உள்ள ஆலப்பாட்டையும் அடித்தது. மேற்குக் கரைக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது எதிர்பாராத அடி.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர். தமிழகத்தில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் எட்டாயிரம் என்னும்போது, முக்கால் பங்கு ஒரே மாவட்டம். நிலம் தட்டை, ஊர்கள் கரையை ஒட்டியே நெருக்கமாக இருந்தன, ஆற்று முகத்துவாரங்கள் வழியாகத் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போனது. அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் துறைமுகத்தை ஒட்டியவை. பெரிய விசைப்படகுகள் வீடுகள்மேல் ஏறிக் கிடந்தன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். கரையோரக் குப்பங்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் இறந்தார்கள். ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள், அந்த நேரத்தில் கடல்தான் பத்திரமான இடமாக இருந்தது.

தண்ணீர் எப்படிக் கொல்கிறது

நீச்சல் தெரிந்தால் பிழைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள்தான் அன்று இறந்தார்கள். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் அதிகம். காற்றலை வந்து உடனே திரும்பிவிடும். சுனாமி பல நிமிடங்கள் நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஆறு கரை உடைத்தது போல. முழங்கால் உயர ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும். அதுவும் சுத்தமான தண்ணீரா? உடைந்த படகு, இன்ஜின், வலை, கூரைத் தகடு, முள்மரம் எல்லாம் சுழன்றுகொண்டு வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போகும்போது எதிரே பட்டதையெல்லாம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே மாகாணத்தில் இருக்கும் பண்டா ஆச்சே நகரில், கரையோரம் மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்த 2,600 டன் மிதவைக் கப்பல் ஒன்றை அலை இரண்டு மூன்று கிலோமீட்டர் ஊருக்குள் கொண்டுபோய் வைத்தது. இன்றும் அங்கேதான் நிற்கிறது, நினைவுச்சின்னமாக மாற்றிவிட்டார்கள். ஆச்சேயின் சில கரைகளில் தண்ணீர் ஏறிய உயரம் 30 மீட்டருக்கும் மேல். நம் கரையில் அது பெரும்பாலும் சில மீட்டர்தான். பத்து மாடி உயர அலை வேண்டியதில்லை, சில மீட்டரே எட்டாயிரம் பேரைக் கொல்லப் போதும்.

பதினான்கு நாடுகளில் மொத்தம் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் உப்பு நின்றது. நாகை வயல்களில் பயிர் கருகியது, கிணறுகள் உவர்ந்தன. மழை பெய்து உப்பைக் கரைத்து வெளியேற்றும் வரை விவசாயிகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எச்சரிக்கை: இரண்டரை மணி நேரம் எங்கே போனது?

பூகம்ப அதிர்வு நிலத்துக்குள் விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் போகும். நான்கைந்து நிமிடத்தில் சென்னையை எட்டிவிட்டது. பாத்திரம் ஆடியதை, கட்டில் அசைந்ததை உணர்ந்தவர்கள் ஏராளம். சுனாமி அதற்குப் பின்னால் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்த இந்தியப் பெருங்கடலில் அன்று எந்த ஏற்பாடும் இல்லை. பசிபிக் கடலுக்கு ஹவாயில் ஒரு மையம் இருந்தது. அவர்களின் முதல் கணக்கே 8.0 என்று குறைவாகத்தான் வந்தது. இந்தியக் கரைக்கு இதற்கு முன் சுனாமி வராமலும் இல்லை. 1881-இல் கார் நிக்கோபாருக்கு அருகே ஏற்பட்ட பூகம்பத்தின் சுனாமி சென்னைத் துறைமுகக் கருவியிலேயே பதிவாகியிருக்கிறது. அது சிறியது, அதனால் யார் நினைவிலும் இல்லை.

நினைவு இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு சிமுலுவே தீவு இருக்கிறது. பூகம்பத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. தண்ணீர் வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே 1907-இல் ஒரு சுனாமி வந்து பலரைக் கொன்றிருந்தது. நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று பாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சுனாமிக்கு அவர்கள் வைத்த பேர் ஸ்மோங். 2004-இல் யாரோ "ஸ்மோங்" என்று கத்த, தீவே மேட்டுக்கு ஓடியது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

இப்போது ஹைதராபாத்தில், தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. பூகம்பத்தின் இடத்தையும் அளவையும் பத்து நிமிடத்துக்குள் கணக்கிடுகிறார்கள். சுனாமி உண்மையிலேயே கிளம்பியதா என்று உறுதிசெய்ய, ஆழ்கடலின் அடித்தரையில் அழுத்தமானிகளை வைத்திருக்கிறார்கள். தனக்கு மேலே நிற்கும் தண்ணீரின் எடையை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும் கருவி அது; நடுக்கடலில் சில சென்டிமீட்டர் ஏறினாலும் தெரிந்துவிடும். அங்கிருந்து மேலே மிதவைக்கு, மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்கு, அங்கிருந்து ஹைதராபாத்துக்குத் தகவல் போகும். இந்த மிதவைகளின் நிழலில் மீன் கூடும் என்பதால் அவற்றில் படகைக் கட்டி மீன் பிடிப்பதும், அதில் கருவி சேதமாவதும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தீராத தலைவலி.

அறிவிப்புகள் ஆபத்தின் அளவைப் பொறுத்துப் பல நிலைகளில் வரும். ஆனால் அந்தமான், நிக்கோபாரில் இருப்பவர்களுக்கு அறிவிப்புக்குக் காத்திருக்க நேரமே இருக்காது. நிற்க முடியாத அளவுக்கு, அல்லது நிமிடக்கணக்கில் நிலம் ஆடினால் அதுவே அவர்களுக்கு அறிவிப்பு; உடனே மேட்டுக்குப் போக வேண்டும். தமிழகக் கரைக்கு, சுமத்ரா - அந்தமான் பக்கத்திலிருந்து வந்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அதிர்வை உணராமலே இருந்திருக்கலாம் என்பதால் இங்கே அறிவிப்புதான் முக்கியம். கரையிலிருந்து விலகி உள்ளே போனால் போதும். அதற்கு வழியில்லை என்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி. கடலில் இருக்கும் படகுகள் கரைக்கு வரக்கூடாது, ஆழத்துக்குப் போக வேண்டும். ஆபத்து நீங்கியது என்று மையம் சொல்லும் வரை யாரும் திரும்பக் கூடாது. 2004-இல் கடல்மட்டக் கருவிகள் அந்தத் தளும்பலை ஒரு நாளுக்கும் மேலாகப் பதிவு செய்துகொண்டே இருந்தன.